காவிப் பட்டை போட்ட குட்டை

அயிரை மீன் வளர்க்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது எங்கள் வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அதற்கு முன்னால் புறா வளர்த்தேன், அதெல்லாம் எங்கள் ஊர் அடி அண்ணாமலையிலேயே வேறு ஒரு வீட்டுக் கூரை பிடித்துப்போய் அங்கே குடியேறிவிட்டது. முயல் வளர்த்தேன், தெரு நாய்க்குத் தெரிந்துவிட்டது. தேனீ வளர்த்தேன். தேனீ எங்கள் தபால்காரரை ஒரு கை பார்த்ததிலிருந்து எங்கள் வீட்டுத் தபாலை அவர் டீக்கடையிலேயே கொடுத்துவிட்டுப் போகிறார். டீக்கடைக்காரர் படித்துவிட்டு விஷயத்தை வாயால் சொல்லி அனுப்புவார்.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். பெயர் கருப்பன். எதற்கும் சத்தம் போட மாட்டார், அதுதான் பயம். நான் முன்பக்கத் தோட்டத்தில் கடப்பாரையோடு நின்றபோது வந்து பள்ளத்தை எட்டிப் பார்த்தார்.

"இது இன்னாத்துக்கு, வேடி?"

"மீனுக்கு, நைனா."

"சரி. இதான் கடைசி. இந்த மீனும் செத்துச்சுன்னு வெச்சுக்க, அடுத்த பஸ்ஸுல நீ வேலூரு. உங்க மாமா பட்டறைல டயரு கழட்டப் போற."

மாமா நல்லவர்தான். ஆனால் அவருடைய லாரிப் பட்டறைக்கு வேலை கற்றுக்கொள்ளப் போன பையன் எவனும் திரும்பி வந்ததில்லை. அங்கேயே வேலை, அங்கேயே பெண் பார்த்துக் கல்யாணம், அங்கேயே குழந்தை. ஒருமுறை பார்த்தேன், எல்லோர் நகத்திலும் ஒரே கறுப்பு. நான் பிளஸ் டூ முடித்துவிட்டு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்த எண்பத்தொன்றாம் வருஷம் அது. யோசிப்பதற்கு வேலூர் சரியான இடம் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

ஏன் அயிரை என்று கேட்டால், அயிரையைப் போல் சாது கிடையாது. விரல் நீளம் இருக்கும். அடியில் மணலோடு மணலாகக் கிடக்கும். ஒன்றை ஒன்று கடிக்காது, அல்லிக்கொடியைத் தின்னாது, துள்ளி வெளியே விழாது. அடியில் விழுந்து மக்குகிறதை மேய்ந்துகொண்டு தன்பாட்டுக்கு இருக்கும். தபால்காரரை எந்த விதத்திலும் தொந்தரவு செய்ய முடியாத பிராணி.

அயிரையைச் சந்தையில் உயிரோடுதான் விற்பார்கள், குண்டான் தண்ணீரில் நெளிய நெளிய. மீன் விற்கிற கன்னியம்மாளிடம் போய் ரெண்டு உழக்கு கேட்டேன்.

"உப்புப் போட்டுத் தேய்ச்சி அலசு தம்பி. அப்பதான் வழவழப்பு போவும்."

"கொழம்புக்கு இல்லக்கா. வளக்கறதுக்கு."

கன்னியம்மாள் உழக்கைக் கீழே வைத்தாள். பக்கத்தில் இறால் வைத்திருந்தவளைப் பார்த்தாள். "கேட்டியாடி, அயிரைய வளக்கறாராம். வளந்து இவருக்குச் சம்பாரிச்சிப் போடும்." பிறகு என்ன நினைத்தாளோ, ஒரு கை கூடப் போட்டாள்.

குட்டையை நான் நன்றாகத்தான் கட்டினேன். முட்டி ஆழம். சுற்றிலும் கருங்கல், அடியில் ஆற்று மணல், ஓரத்தில் ஒரு அல்லிக் கிழங்கு. உட்கார்ந்து பார்ப்பதற்கு ரெண்டு படி. படி வைத்தது பிற்பாடு எனக்கே வினையானது. குண்டானைச் சாய்த்து ஊற்றினேன். மீன்கள் ஒரு நெளி நெளிந்தன, மணலுக்குள் போயின, அவ்வளவுதான். அதற்கப்புறம் குட்டையில் தண்ணீரும் மணலும் மட்டும்தான் தெரிந்தன.

நைனா சாயந்திரம் வந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்கடா?"

"அடில."

"அடில எங்க?"

"மணலுக்குள்ள."

"உசிரோட இருந்தா கண்ணுல படாது. கண்ணுல பட்டுச்சுன்னா செத்துச்சுன்னு அர்த்தம். நல்ல மீனு புடிச்சாந்தடா. விரால வுட்டிருந்தா கொழம்புக்காவது ஆவும்."

அன்றிலிருந்து தினமும் காலையில் பல் விளக்கிக்கொண்டே குட்டைக்கு வருவார். ஏதாவது மிதக்கிறதா என்று பார்ப்பார். ஒருநாள் "மெதக்குது, போய்ப் பொட்டி கட்டு" என்று சத்தமில்லாமல் சொன்னார். ஓடிப்போய்ப் பார்த்தேன், புளியங்காய். அதை அவர் கையில் எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

என் கூட்டாளி அய்யூப் அடிக்கடி வருவான். டவுனில் அவன் அப்பா அப்துல் ரசாக்குக்கு சைக்கிள் கடை. பஞ்சர் பார்ப்பான், மட்கார்டில் கோடு போடுவான். குட்டையைப் பார்த்துவிட்டு, "எங்க கடைல டியூப் முக்கிப் பாக்கற தொட்டி கூட இதே மாதிரிதான்டா இருக்குது. அதுலயும் மீன் இருக்குமோ" என்று கேட்டான். அவனை ஒருநாள் படியில் குப்புறப் படுக்கவைத்து அசையாமல் பார்க்கச் சொன்னேன். ஒரு மீன் தலையை மட்டும் நீட்டியது. "மச்சி, மீசை வெச்சிருக்குடா" என்றான். அதற்கப்புறம் அவன் என் கட்சி.

இப்போது பட்டை விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு முந்தின வாரம் நைனா பொழுது சாய்ந்து வீட்டுக்கு வரும்போது நேராகக் குட்டைக்குள் காலை விட்டுவிட்டார். முட்டிவரை நனைந்து, காலில் ஒட்டின அல்லி இலையோடு வாசலில் நின்றார். "இருட்டுல தெரியற மாரி அதுக்கு எதுனா பண்ணு" என்றார், அவ்வளவுதான். வீட்டுக்கு அடித்தது போக சுண்ணாம்பும் காவியும் மீதி இருந்தது. குட்டையைச் சுற்றியிருந்த கல்லுக்கெல்லாம் ஒரு பட்டை வெள்ளை, ஒரு பட்டை காவி என்று அடித்தேன். கடைசியில் ரெண்டு பிரஷ்ஷையும் துடைக்க இடமில்லாமல் துணி துவைக்கிற கல்லில் மாற்றி மாற்றி நாலு இழுப்பு இழுத்துவிட்டு வந்தேன். பார்க்க அம்சமாக இருந்தது.

வேறு ஊராக இருந்தால் இது ஒரு தப்பே இல்லை. எங்கள் வீடு அண்ணாமலையைச் சுற்றுகிற கிரிவலப் பாதையில் இருக்கிறது. அந்தப் பாதையில் வெள்ளையும் காவியும் பட்டை போட்டது என்றால் ஒன்று கோயில் மதில், இல்லையென்றால் தீர்த்தக் குளம். என் குட்டைக்குப் படி வேறு இருந்தது. நடந்து வருகிறவர்கள் யோசிப்பதில்லை. பட்டையைக் கண்டதும் கை தானாகக் கன்னத்துக்குப் போய்விடும். பாதிப் பேருக்கு எந்தச் சாமி என்பது இரண்டாம்பட்சம்.

தைப் பௌர்ணமி அன்று சாயந்திரம் நான் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு பெண் குரல். "யக்கா, இந்தக் கொளத்துல மருவுக்குப் போடலாங்களா?"

அம்மா எல்லம்மாள் வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தாள். மருவுக்குக் கோயில் குளத்தில் வெல்லமும் உப்பும் மிளகும் போடுகிற வழக்கம் தெரியுமில்லையா, வெல்லம் கரைகிற மாதிரி மரு கரைந்துவிடும் என்று நம்பிக்கை. இது கோயில் குளம் இல்லை, என் பையன் வெட்டின குட்டை என்று அம்மா சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மாவை அதுவரை யாரும் எதற்கும் யோசனை கேட்டதில்லை.

"தாராளமா போடும்மா. எங்கருந்து வரீங்க?"

"போளூருங்க. பேரு பொன்னி. களுத்துல பாருங்க, எவ்ளோ பெருசு."

"மூணு பௌர்ணமி போடு, போயிடும்."

மூணு என்று எங்கிருந்து கண்டுபிடித்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் காபியோடு ஓடிவருவதற்குள் வெல்லம் முழுகிவிட்டது. மிளகு மட்டும் மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

"யம்மா, உள்ள மீன் இருக்குது. உப்பு போட்டா செத்துடும்."

பொன்னி குட்டையை உற்றுப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். "தம்பிக்கு ஒடம்பு ஏதாவதுங்களா?"

"இல்லம்மா. மீன்னா அவனுக்கு உசுரு," என்றாள் அம்மா.

அன்று நானும் அய்யூப்பும் பாதித் தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினோம். ஒன்றும் மிதக்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். மாசிப் பௌர்ணமிக்கு பொன்னி மரு இல்லாத கழுத்தோடு வந்தாள். கூடவே மரு இருக்கிற சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய. அவர்களைப் பார்த்து வழியில் போகிறவர்களும் நின்றார்கள். உப்பு கொண்டுவராதவர்களுக்கு அம்மா சமையல்கட்டிலிருந்து உப்புச் சாடியையே தூக்கி வந்து கொடுத்தாள். அன்று எங்கள் வீட்டுக் குழம்பில் உப்பு இல்லை. நைனா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "கொளத்துல போய்த் தொட்டுக்கினு வரட்டுமா?" என்றார். அந்த ராத்திரியும் தண்ணீரை மாற்றித்தான் மீனைக் காப்பாற்றினோம்.

போர்டு எழுதி வைத்தேன். 'இது கோயில் குளம் அல்ல. உள்ளே மீன்கள் உள்ளன. உப்பு போடாதீர்கள்.' அடுத்த நாளே போர்டுக்கு யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். வெல்லத் தண்ணீருக்கு எறும்பு ஊர்வலமாக வந்தது, குளவி வந்தது. தபால்காரர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு டீக்கடைக்கே திரும்பிப் போனார்.

பங்குனிப் பௌர்ணமி நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மூணாவது பௌர்ணமி. அம்மா கணக்குப்படி முக்கியமானது. கூட்டம் தாங்காது.

"உப்புத் தண்ணில காத்து கம்மியாய்டும் மச்சி," என்றான் அய்யூப். "நாம காத்து அடிப்போம். காத்து அடிக்கறதுதான நம்ம தொழிலே."

யோசனை நன்றாகத்தான் இருந்தது. பழைய டியூப்புகளை வெட்டி ஒட்டி நீளமாக ஒரு குழாய் செய்தான். அதை மணலுக்கடியில் பதித்தோம். மறுமுனையை அரளிப் புதருக்குப் பின்னால் கொண்டுபோய்க் கடையிலிருந்து எடுத்து வந்த கால் பம்பில் மாட்டினான். பௌர்ணமி அன்று சாயந்திரம் அவன் புதருக்குப் பின்னால் பம்பு மேல் ஏறி நின்றான். நான் குட்டைக்குப் பக்கத்தில் நின்றேன். கூட்டம் வந்தது, வெல்லம் விழுந்தது, உப்பு விழுந்தது. நான் தலையைச் சொறிந்தேன், அதுதான் அடையாளம். அய்யூப் மிதிக்க ஆரம்பித்தான்.

அல்லி இலைக்குப் பக்கத்தில் தண்ணீர் பொளபொளவென்று கொப்பளித்தது.

வரிசையில் முன்னால் நின்ற அம்மாள் கையிலிருந்த உப்புப் பொட்டலத்தை அப்படியே முழுசாகப் போட்டுவிட்டாள். "கொதிக்குதுங்க," என்றாள் மெதுவாக. பின்னால் இருந்தவர் எட்டிப் பார்த்தார். "அடில எதோ மூச்சு வுடுது." அவ்வளவுதான், செய்தி தேர் வடம் மாதிரி பின்னால் போனது. பொங்கல் வைக்க வாங்கி வந்த அச்சு வெல்லத்தையெல்லாம் பிரித்துப் போட ஆரம்பித்தார்கள்.

நான் புதருக்கு ஓடினேன். "நிறுத்துடா. கொப்பளிக்கறதப் பாத்து ஜாஸ்தியா போடறாங்க."

அய்யூப் வேர்த்து ஊற்ற நின்றான். கொப்பளிப்பு நின்றது. குட்டைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் குரல் கேட்டது. "நின்னுப் போச்சே. எதோ கொற வெச்சிட்டோம். இன்னும் ரெண்டு பிடி போடுங்க."

"இன்னாடா இது," என்றான் அய்யூப். "மிதிச்சாலும் போடறாங்க, நிறுத்தினாலும் போடறாங்க."

திரும்பி வந்து பார்த்தபோது ஒரு அயிரை மேலே வந்தது. வாயைத் திறந்து காற்றைக் குடித்துவிட்டு உடனே கீழே போனது. இன்னொன்று வந்தது. நாலு மாதமாக ஒன்றைக்கூட முழுசாகப் பார்க்க முடியாத மீன்கள், வரிசையாக மேலே வந்து வந்து போயின. கூட்டத்தில் யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தண்ணீரில் இருக்க முடியாமல்தான் வருகின்றன. விடிந்தால் மிதக்கும்.

நைனா வாசல்படியில் கைகட்டி நின்றிருந்தார். "காலைல மொத பஸ்ஸுக்குக் கூட்டம் கம்மியா இருக்கும். ஒக்கார சீட்டு கெடைக்கும்," என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். குட்டைப் பக்கம் நெருங்க முடியாத ஒரு கிழவர் எங்கள் வீட்டுத் துணி துவைக்கிற கல்லின் முன்னால் உட்கார்ந்து கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் சம்சாரம் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கல் மேல் அம்மா காயப்போட்டிருந்த நைனாவின் கோமணத்தை மரியாதையாக ஒரு ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

துவைக்கிற கல்லுக்கு எதற்குக் கற்பூரம் என்று ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு நான் பிரஷ் துடைத்த நாலு இழுப்பு கண்ணில் பட்டது. வெள்ளை, காவி, வெள்ளை, காவி.

"அய்யூப், பட்டைடா," என்றேன். "மீனுக்கும் இல்ல, தண்ணிக்கும் இல்ல. பட்டைக்குத்தான் வராங்க."

வாசல் கேட்டுக்கு வெளியே, பாதையை ஒட்டி எங்கள் எருமைக்குக் கழுநீர் ஊற்றுகிற கல்தொட்டி இருந்தது. நான் சுண்ணாம்புச் சட்டியையும் காவிச் சட்டியையும் மாட்டுக் கொட்டகையிலிருந்து தூக்கி வந்தேன். அடியில் காய்ந்து கிடந்ததில் தண்ணீர் விட்டுக் கலக்கினேன். அய்யூப் என் கையிலிருந்து பிரஷ்களைப் பிடுங்கினான்.

"நவுரு. மட்கார்டுக்குக் கோடு போடறவன் கைல குடுக்காம இவுரு அடிக்கறாராம்."

அத்தனை பேர் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடித்தான். வெள்ளை ஒரு இழுப்பு, காவி ஒரு இழுப்பு, ஓரம் பிசகாமல். மூணாவது பட்டை போடும்போதே ஒரு பெண் குனிந்து தொட்டியில் வெல்லத்தைப் போட்டாள். தொட்டுக் கும்பிட்டதில் விரலெல்லாம் காவி. அவளுக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் நாலு பேர். வரிசை வால் மெல்லத் திரும்பி இந்தப் பக்கம் வர ஆரம்பித்தது. நான் அதற்குள் சாணியையும் சேற்றையும் குழைத்துக் குட்டைக் கல்லெல்லாம் பூசி மூடினேன். துவைக்கிற கல்லையும் விடவில்லை.

அம்மா உப்புச் சாடியோடு ஓடிவந்தாள். "டேய் வேடி, அது எரும குடிக்கற தொட்டிடா. பாவம் புடிக்கும்டா."

அவள் முடிப்பதற்குள் ஒரு பெண் அவள் கையைப் பிடித்தாள். "யக்கா, இதுல எத்தினி பௌர்ணமி போடணும்?"

அம்மா என்னைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். "மூணு," என்றாள்.

சேறு பூசின குட்டைக்குப் பக்கத்தில் நான் மூச்சு வாங்க நின்றேன். வழிதவறி ஒருவர் வந்தார்.

"இது இன்னாப்பா?"

"மீன் வளக்கறங்க."

"மீன் எங்க?"

"அடில."

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை, போய்விட்டார். நாலு மாதமாக என்னைக் கேவலப்படுத்திய பதில் அது. அன்று அதைப் போல் ஒரு வார்த்தை உண்டா என்று இருந்தது.

ஆனாலும் குட்டையில் போட்டது போட்டதுதானே. கிணற்றிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினோம். பழைய தண்ணீரை இறைத்து அரளிக்கு விட்டோம். ஒரு கட்டத்தில் என் கையிலிருந்து வாளி வாங்கப்பட்டது. திரும்பிப் பார்த்தால் நைனா. "நீ இறைக்கற லட்சணத்துக்கு விடிஞ்சிடும்," என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறைக்க ஆரம்பித்தார்.

நான் எப்போது படியில் சாய்ந்து தூங்கினேன் என்று தெரியாது. முழித்தபோது வெயில் வந்திருந்தது. பாதையில் வேலூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. குட்டையில் என்ன மிதக்கிறது என்று பார்க்கத் தைரியம் வரவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நைனாவைத்தான் பார்த்தேன். பல் விளக்குகிற வேப்பங்குச்சி வாயில் இருக்க, கீழ்ப்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு துண்டு கடலைப் புண்ணாக்கு.

"நைனா, மெதக்குதா?"

"சத்தம் போடாத."

நான் மெதுவாக எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்றேன். தண்ணீர் தெளிந்திருந்தது. மிளகு ரெண்டு மிதந்தது, வேறு ஒன்றுமில்லை. நைனா புண்ணாக்கை நுணுக்கித் தூவினார்.

"இப்ப ஒன்னு வந்துச்சு. மீச வெச்சிருக்கான்டா. என்னப் பாத்தான். பாத்துட்டு உள்ள போய்ட்டான்."

"எங்க?"

"நீ வந்து நெழலு வுட்டதுல போய்ட்டான். அந்தாண்ட போ."

நான் தள்ளிப்போய் நின்றேன். பஸ்ஸைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. வாசலில் எருமை தொட்டியை நக்கி முடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்பதுபோல் நின்றது. அன்றைக்கு அப்புறம் வெறும் கழுநீரை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, வெல்லம் போட்டால்தான் வாய் வைத்தது.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து நிலத்துக்குப் போகிற சகாதேவன் மாமா மண்வெட்டியோடு கேட்டுக்கு வெளியே நின்றார். "இன்னா கருப்பா, காலைலயே சேத்துக்கு முன்னாடி ஒக்காந்துக்கினு இருக்க?"

"மீனு பாக்கறேன்."

சகாதேவன் மாமா உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். "எங்க?"

"அடில."

"அடில எங்கப்பா?"

"மணலுக்குள்ள."

சகாதேவன் மாமா நைனாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு மண்வெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நைனா வேப்பங்குச்சியைத் துப்பினார். "சொன்னா எவனும் நம்ப மாட்டேங்கறான்டா," என்றார்.